யாரும் அடிக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. நாலு பேர் கொண்ட செட்டில் ஒருத்தியாக இருந்தவள். அரையாண்டு லீவு முடிந்து போனதும் மற்ற மூவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு மெல்ல மெல்ல வகுப்பே விலகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அவள் இல்லாமல் புதுக் குரூப். சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வருகிறது. வகுப்பு ஆசிரியை, "பொண்ணுங்கன்னா அப்படித்தாங்க, ரெண்டு நாள்ல பழம் விட்டுக்குவாங்க" என்கிறார். முதல்வரோ, "யாரும் அடிக்கல, கெட்ட வார்த்தை பேசல, நான் யார் மேல நடவடிக்கை எடுக்கறது?" என்கிறார். இதில் பள்ளி என்னதான் செய்ய முடியும் என்பது அந்தத் தாயின் கேள்வி.

நான் சேலத்திலும் ஏற்காட்டிலுமாக 26 வருடம் ஆசிரியையாக இருந்தவள். இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளியால் நிறையவே செய்ய முடியும். ஆனால் "குற்றவாளி யார்" என்று தேடிக்கொண்டு இறங்கினால் ஒன்றும் நடக்காது. பேச்சை நிறுத்தியது மூன்று பேர். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது முப்பது பேர். அந்த முப்பது பேரிடமும், அவர்களை உட்கார வைத்து, சாப்பிட அனுப்பி, குரூப் பிரிக்கும் ஆசிரியர்களிடமும்தான் பெரும்பாலான வேலை இருக்கிறது.

முதலில் முதல்வரின் வாதத்துக்கு வருகிறேன். ஒருவரை ஒதுக்கி வைப்பது என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களோடு யாரும் பேசக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, நல்லது கெட்டதில் சேர்க்கக்கூடாது, மீறினால் பேசினவருக்கும் அபராதம். ஒரு அடி கூட விழாது. ஆனாலும் அது தண்டனைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எட்டாம் வகுப்பில் நடப்பதும் அதேதான். பஞ்சாயத்து கூட வேண்டியதில்லை. "அவகூடப் பேசினா உன்கூட நாங்க பேச மாட்டோம்" என்ற ஒரு வரி போதும், அபராதத்தோடு சேர்த்து எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது.

ஆராய்ச்சி உலகம் இதைக் கவனிக்கத் தாமதமானது உண்மைதான். நார்வேயின் டான் ஓல்வியஸ் 1970களில் பள்ளிக் கொடுமைகளை ஆராயத் தொடங்கியபோது பெரும்பாலும் பையன்களின் அடிதடியும் மிரட்டலும்தான் பேசப்பட்டன. 1980களின் இறுதியில் பின்லாந்து ஆய்வாளர்கள் மறைமுகமாகத் தாக்குவது என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். 1995இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக்கும் ஜெனிபர் கிராட்பீட்டரும் உறவை வைத்தே காயப்படுத்துவதை அளந்து எழுதினார்கள்: சேர்க்காமல் விடுவது, வதந்தி பரப்புவது, "இதைச் செய்யாவிட்டால் உன்னோடு பேச மாட்டேன்" என்று நட்பையே கத்தியாக நீட்டுவது. 2003இல் ஒரு மூளை ஆய்வு வந்தது. கணினித் திரையில் மூன்று பேர் பந்து வீசிக்கொள்ளும் சாதாரண விளையாட்டு. நடுவில் மற்ற இருவரும் இவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில், உடம்பில் அடிபட்டால் வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் ஒன்று வேலை செய்தது. முகம் தெரியாதவர்கள் பந்து போடாததற்கே இப்படி என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிகள் முகம் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்?

"பொண்ணுங்கன்னா அப்படித்தான்" என்பது தவறான தகவல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, இந்த விஷயத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு என்றே தெரிந்திருக்கிறது. பையன்கள் அடித்தும் கொள்கிறார்கள், ஒதுக்கவும் செய்கிறார்கள். நம் வீடுகளில் பெண் பிள்ளை கையை ஓங்கினால் கண்டிப்பார்கள், முகத்தைத் திருப்பினால் கண்டுகொள்ள மாட்டார்கள். அதனால் அவர்கள் கோபத்துக்கு அந்த ஒரு வழிதான் திறந்திருக்கிறது.

இனி, இது கண்ணில் படவே மாட்டேன் என்கிறதே என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு. படும். மதிய மணி அடித்ததும் மரத்தடிக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள், நடுவில் டப்பாக்கள். ஒருத்தி டப்பாவோடு வருவாள். யாரும் "வராதே" என்று சொல்ல மாட்டார்கள். வட்டத்தில் இருக்கும் இடைவெளியில் ஒரு பை நகர்ந்து வரும், அவ்வளவுதான். "இங்க ஆள் இருக்கு" என்று ஒரு குரல், தலை நிமிராமல். அவள் அடுத்த வட்டத்துக்குப் போவாள், அங்கே எல்லோரும் திடீரென்று வேகமாகச் சாப்பிடுவார்கள். மூன்றாவது இடத்துக்கு அவள் போக மாட்டாள். குழாயடிக்குப் போய் டப்பாவைக் கழுவுவது போல நிற்பாள். டப்பா திறந்திருக்காது. மொத்தம் ஒன்றரை நிமிடம். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போதும் இதே கதைதான். அவள் பதில் சொன்னவுடன் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும், அவள் நோட்டு கைமாறும்போது நுனியில் பிடித்து வாங்குவதும், பெயர் சொல்லாமல் ஜாடையாகப் பேசிச் சிரிப்பதும் தெரிய வேண்டுமானால், பார்க்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் இருக்க வேண்டும்.

நான் பார்க்கத் தெரியாமல் கெடுத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் விடுதியோடு இருக்கும் ஒரு பள்ளியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ராத்திரிப் படிப்பு நேரத்தில் என்னிடம் வந்து, யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி அழுதாள். எனக்கு அப்போது எட்டு வருட அனுபவம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அங்கேயே அந்த செட்டின் தலைவியைக் கூப்பிட்டேன். அத்தனை பேர் முன்னால் இருவரையும் கை கொடுக்கச் சொன்னேன். "சரி, பழம் விட்டாச்சு, போய்ப் படிங்க" என்றேன். இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலை விடுதி அறைக்குள் போனபோது, அவள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்த கட்டில்களில் தலையணை இடம் மாறியிருந்தது. முன்பு மூன்று பேருக்கும் தலை ஒரே பக்கம் இருக்கும், விளக்கணைத்த பிறகும் கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது இரண்டு பக்கமும் அவள் முகத்துக்கு நேரே கால்கள். "போட்டுக்கொடுத்தவ" என்ற பெயர் அதன் பிறகு அவளை விடவே இல்லை. சேலத்தில் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குச் சாயந்தரம் அம்மா இருக்கிறாள், தெருவில் வேறு தோழி இருக்கிறாள். மலை மேல் விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு அதே முகங்கள் பல் தேய்க்கும் இடத்திலும், சாப்பாட்டு மேசையிலும், தூங்கும் அறையிலும். கோடை லீவுக்கு இறங்கிப் போனவள் திரும்பி வரவில்லை, அப்பா வந்து டி.சி. வாங்கிப் போனார். அவள் என்னை நம்பி வந்தாள். நான் செய்தது அவளை அவர்கள் கையில் கொடுத்ததுதான். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கட்டில் வரிசை எனக்கு மறக்கவில்லை.

அதிலிருந்து கற்றது: எதிரெதிரே நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். சமமான இருவருக்குள் சண்டை என்றால் சமாதானம் செய்யலாம். இங்கே ஒரு பக்கம் ஒருத்தி, இன்னொரு பக்கம் கூட்டம். வகுப்பில் அவள் பெயரைச் சொல்லி, "இவளோடு எல்லோரும் பேசணும்" என்று உத்தரவு போடுவதும் அப்படியே. பாதிக்கப்பட்டவளை "பி" செக்‌ஷனுக்கு மாற்றுவது பள்ளிக்கு வசதியாக இருக்கும், ஆனால் தண்டனை அவளுக்குத்தான், பழைய கதையும் அவளுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அவளே கேட்டால் மட்டும் செய்யலாம். மாணவிகளையே நடுவர்களாக்கிப் பஞ்சாயத்து பேச வைப்பதும் கேட்க நன்றாக இருக்கிறது. 2011இல் இரண்டு ஆய்வாளர்கள், டோஃபியும் ஃபாரிங்டனும், உலகம் முழுக்க நடந்த பள்ளித் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இப்படிப் பிள்ளைகளிடமே பொறுப்பை ஒப்படைத்த திட்டங்களில் பாதிப்பு கூடியே இருந்தது. மொத்தத் திட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் கொடுமை செய்வது சராசரியாக 20 முதல் 23 சதவீதம் வரை குறைந்தது. பெற்றோர் கூட்டமும், இடைவேளையில் பெரியவர்கள் கவனமாகக் கண்காணிப்பதும் பலன் தந்தவற்றில் இருந்தன. சத்துணவுக் கூடத்தில் ஒரு டீச்சர் நிற்பதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று முதல்வர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது? ஸ்வீடன் உளவியலாளர் அனடோல் பிகாஸ் காட்டிய ஒரு வழியை எங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றி நான் பயன்படுத்தியிருக்கிறேன். செட்டில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக, ஒரே பீரியடில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ள நேரம் கொடுக்காமல் கூப்பிட வேண்டும். குற்றம் சாட்டக்கூடாது. ஒரு உரையாடல் இப்படி இருந்தது:

"வா கண்ணு, உட்காரு. அவ ரொம்ப நாளா தனியா சாப்பிடறதைப் பாத்துட்டே இருக்கேன். எனக்கு மனசு சங்கடமா இருக்கு. நீ என்ன பாத்தே?"

"எனக்குத் தெரியாது மிஸ்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். அரை நிமிடம் கழித்து அவளே, "அவ முன்னாடி மாதிரி பேசறதே இல்ல மிஸ்" என்றாள்.

"ம். அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறியா?"

"...இருக்கும் மிஸ்."

"உன்னால சின்னதா என்ன பண்ண முடியும்?"

"லேப்ல வேணா அவ பக்கத்துல நின்னுக்கறேன். ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மிஸ்."

இவ்வளவுதான், ஏழு நிமிடம். யார் செய்தது என்று நான் கேட்கவே இல்லை, அதனால் பொய் சொல்ல அவளுக்கு அவசியமும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அதே பிள்ளையைக் கூப்பிட்டு, "லேப்ல என்ன ஆச்சு கண்ணு?" என்று கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலான பள்ளிகள் விட்டுவிடுகின்றன. முதல் பேச்சோடு பிரச்சினை தீர்ந்ததாகப் பதிவேட்டில் எழுதி மூடிவிடுகிறார்கள்.

அடுத்து அந்த முப்பது பேர். பின்லாந்தின் டுர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவால்லி 1996இல் ஒரு வகுப்பில் யார் யார் என்னவாக இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார்: தொடங்குபவர், கூட நிற்பவர், பார்த்துச் சிரித்து ஊக்கம் கொடுப்பவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுபவர். அந்தப் பார்வையிலிருந்து பிறந்ததுதான் கீவா என்ற திட்டம், 2009 முதல் அந்த நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, ஒதுக்கப்பட்டவளுக்கு ஆதரவாக இருக்கச் சொல்லிக் கேட்கிறார். கனடாவின் டொராண்டோவில் தொடக்கப் பள்ளி மைதானங்களில் எடுத்த பதிவுகளைப் பார்த்தபோது, கூட இருந்த பிள்ளை ஒருவர் குறுக்கே வந்த சம்பவங்களில் பாதிக்கு மேல் 10 நொடிக்குள் கொடுமை நின்றிருக்கிறது. ஆனால் அப்படிக் குறுக்கே வருவது எப்போதாவதுதான் நடக்கிறது. நம் வகுப்புகளிலும் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

கொண்டலாம்பட்டிப் பக்கமிருந்து வேனில் வரும் இரண்டு பிள்ளைகளிடம் நான் ஒருமுறை கேட்டேன். கபடி ஆடுகிற பிள்ளைகள், யாருக்கும் பயப்படாதவர்கள். "பேசணும்னு கட்டாயமில்ல கண்ணு. வேன்ல ஏறும்போது 'இங்க வா'ன்னு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்" என்றேன். மூன்றாம் நாள் அவர்களே அவளை ஐந்து ரோட்டில் இறக்கி, தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, காரச் சட்னி மூக்கில் ஏறி மூவரும் கண்ணில் தண்ணீரோடு நின்றதாக வேன் டிரைவர் அண்ணன் வந்து புகார் சொன்னார். எனக்கு அதைவிட நல்ல செய்தி அந்த வருடம் வரவில்லை.

இப்போது ஏற்பாடுகளுக்கு வருகிறேன், என் மனதில் இதுதான் முக்கியம். "நீங்களே நாலு நாலு பேரா குரூப் பிரிஞ்சுக்கோங்க" என்று ஆசிரியர் சொல்லும் அந்த நொடி, ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு நாளின் மிகப் பயங்கரமான நொடி. அவள் ஒருத்தி நடுவில் நிற்பதை முழு வகுப்பும் பார்க்கும். பிறகு ஆசிரியர், "யாராவது இவளைச் சேத்துக்கோங்கப்பா" என்பார். அந்த "யாராவது" என்ற வார்த்தை அவளுக்கு அன்று ராத்திரி வரை கேட்கும். இதை நிறுத்த ஒரு பைசா செலவில்லை. குரூப்பை ஆசிரியர் பிரிக்க வேண்டும், சீட்டு போட்டோ வரிசை எண் வைத்தோ. உட்காரும் இடத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எல்லோருக்கும் சேர்த்து. அவளை மட்டும் மாற்றினால் அது தனி அடையாளமாகிவிடும்.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது ஏற்பட்ட பகையைத் தணிக்க எலியட் ஆரன்சன் ஒரு பாட முறையை உருவாக்கினார். பாடத்தை ஐந்தாறு துண்டாக்கி, குரூப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு அந்தத் துண்டு தெரிய வேண்டுமானால் அவள் வாயிலிருந்துதான் கேட்டாக வேண்டும். எட்டாம் வகுப்பு அறிவியலிலோ சமூக அறிவியலிலோ வாரம் ஒரு பீரியட் இப்படிச் செய்து பாருங்கள். பேசக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் மார்க்குக்காகவாவது கேட்பார்கள், கேட்ட பிறகு பேசாமல் இருப்பது கடினம்.

சேலத்துப் பள்ளிகளில் வருடா வருடம் நடக்கும் ஏற்காடு டூரையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு. ஒரு மாதம் முன்பே யார் யாரோடு என்று பேசி முடித்துவிடுவார்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து "ஓ" என்று சத்தம். முன் சீட்டில் டீச்சரின் கைப்பைக்கும் புளிசாதப் பாத்திரத்துக்கும் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "எனக்கு வாந்தி வரும் மிஸ், அதான் முன்னாடி" என்பாள். ஒரு முறை நானும் அதை நம்பி எலுமிச்சம்பழம் கொடுத்தேன். ஏரியில் படகுக்கு ஆள் பிரிக்கும்போது அவளே, "நான் எல்லார் செருப்பையும் பாத்துக்கறேன் மிஸ்" என்று கரையில் உட்கார்ந்துகொண்டாள். தான் தனியாக இருப்பதை ஒரு வேலையாக மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளைக் கவனியுங்கள். போர்டு துடைப்பவள், நோட்டு தூக்கி வருபவள், இடைவேளை முழுக்க நூலகத்தில் இருப்பவள். நாம் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று பாராட்டிக்கொண்டிருப்போம். அடுத்த வருடத்திலிருந்து டூருக்கு முந்தின நாள் சீட்டு நம்பர் குலுக்கிப் போட்டேன், திரும்பும்போது வேறு குலுக்கல். முதல் அரை மணி நேரம் முணுமுணுப்பு இருந்தது, அப்புறம் பாட்டு தொடங்கிவிட்டது. ஆண்டு விழா நடனத்துக்கு ஆள் எடுப்பதும் இப்படித்தான், ஒரே செட் வருடா வருடம் மேடையேறினால் அந்த செட்டுக்கு வகுப்பை ஆளும் உரிமையை நாமே எழுதிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

எதை வைத்து ஒதுக்குகிறார்கள் என்பதும் முக்கியம். நிறம், எடை, பூப்பெய்தியது, மார்க், பணம், எதுவும் காரணமாகலாம். சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுத் தொழில். காலையில் அம்மாவோடு உட்கார்ந்து கை கொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு விரல் நுனி கறுத்திருக்கும். ஒருத்தி அந்த விரலைப் பார்த்து முகம் சுளித்ததிலிருந்து தொடங்கிய விவகாரம் ஒன்று ஆறு மாதம் ஓடியது. சுளித்தவள் காலில் கிடந்ததும் சேலம் கொலுசுதான். "அவ வீட்டுச் சாப்பாடு வேண்டாம்" என்ற பேச்சு காதில் விழுந்தால் ஆசிரியர் அங்கேயே நிற்க வேண்டும், அதன் அடியில் சாதி இருக்கலாம். சாதி என்றால் அது தோழிகள் சண்டை என்ற கணக்கில் வராது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகக்கூடிய விஷயம், பள்ளி அதை மூடி வைக்கக் கூடாது.

ஆசிரியர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் ஒரு முறை கேலியாகச் சிரித்தால், அவளைக் கேலி செய்யலாம் என்று முப்பது பேருக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சரைச் சேர்க்காமல் மற்றவர்கள் சாப்பிடுவது ஜன்னல் வழியே தெரியும், பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

விதிமுறைகளும் இருக்கின்றன. சி.பி.எஸ்.இ. 2015 மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கை, துணை முதல்வர், மூத்த ஆசிரியர், ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி உள்ளிட்டோரைக் கொண்ட தடுப்புக் குழு ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளி அந்த வாரியம் என்றால், குழுவில் யார் யார் என்று எழுத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளியோ குழுவோ பதிவு வைக்கும்போது "பிரச்சினை செய்கிறார்கள்" என்று எழுதினால் பயனில்லை. தேதி, நேரம், இடம், கண்ணால் பார்த்தது: "மதியம் 12.40, வடக்கு மரத்தடி, உட்கார வந்தாள், பை வைத்து இடம் மறைக்கப்பட்டது." இப்படி ஐந்து பதிவு சேர்ந்தால், யாரும் அடிக்கவில்லையே என்று எந்த முதல்வரும் சொல்ல மாட்டார். வேண்டுமென்று, திரும்பத் திரும்ப, பலம் குறைந்த ஒருத்தி மேல் நடக்கிறது என்பது தாளிலேயே தெரியும். ஓல்வியஸ் சொன்ன மூன்று அடையாளங்களும் அவைதான்.

வாட்ஸ்அப் குரூப் வெளியே நடப்பது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பள்ளி சொல்லும். ராத்திரி பத்து மணிக்கு குரூப்பில் எடுத்த முடிவு காலை ஒன்பது மணிக்கு வகுப்பில் நடக்கிறது என்றால் சம்பந்தம் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பொதுவாகப் பேசலாம், பிள்ளைகளின் போன் ராத்திரி ஹாலில் இருக்கட்டும் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே கோரிக்கை வைக்கலாம். எழுத்திலோ படத்திலோ மோசமாக ஏதாவது வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்ட தாயே, உங்கள் மகளை ஒதுக்கிய செட்டின் தலைவிப் பிள்ளையை நினைத்து உங்களுக்கு வயிறு எரியும். எரியட்டும், தாய் மனசு. ஆனால் அவள் ராட்சசி இல்லை. பெரும்பாலும் அடுத்த முறை தான் ஒதுக்கப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் முந்திக்கொண்டவள். நான் பேசிய தலைவிகளில் பலர் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ இதே கஷ்டத்தை அனுபவித்தவர்கள். அவளிடம் செய்தது தவறு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், தனியாக, பெற்றோரை வைத்துக்கொண்டு. தொடர்ந்தால் குரூப் லீடர், விழாப் பொறுப்பு போன்றவை போகும் என்பதையும் சொல்ல வேண்டும். கூடவே, அவளுக்குத் தலைமை தாங்க வேறு நல்ல இடம் ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும்.

கடைசியாக உங்களுக்கு. மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு நேரடியாக போன் செய்யாதீர்கள், அது பெரியவர்கள் சண்டையாகிவிடும், பள்ளி கை கழுவிக்கொள்ளும். தினமும் வாசலிலேயே "இன்னைக்குப் பேசினாங்களா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லிச் சொல்லி அவள் சோர்ந்துபோவாள். "நீயும் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பள்ளிக்கு வெளியே ஒரு தோழி இருக்கட்டும், பாட்டு வகுப்பிலோ, மைதானத்திலோ, அத்தை மகளோ. உலகம் முழுக்க அந்த வகுப்பறை இல்லை என்று அவளுக்கு வாரம் இரண்டு முறையாவது தெரிய வேண்டும். தூக்கம் கெட்டால், அடிக்கடி வயிற்று வலி என்றால், பள்ளி போக மறுத்தால், "நான் இல்லாட்டி யாருக்கும் தெரியாது" என்பது போலப் பேசினால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பள்ளிக்கு எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்றுதான். மதிய இடைவேளையில் யார் கண்காணிக்கிறார்கள்? குரூப்பையும் இருக்கையையும் ஆசிரியர் பிரிப்பது எந்தத் தேதியிலிருந்து? இரண்டு வாரம் கழித்தும் ஆறு வாரம் கழித்தும் என் மகளோடு தனியாகப் பேசப்போவது யார்? யாரைத் தண்டிப்பீர்கள் என்று கேட்டால் வாக்குவாதம்தான் நடக்கும், இந்த மூன்றுக்கும் பெயரும் தேதியும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் காலண்டரில், டப்பா காலியாக வந்த நாட்களுக்கு ஒரு புள்ளி வையுங்கள், அவளுக்குக் காட்ட வேண்டாம். ஆறாவது வாரம் பள்ளிக்குப் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டு போங்கள்.